ஆர்எக்ஸ்-8 மிஸ் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது காயிலா, கம்ப்ரஷனா?

மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி திக்குகிறது, வெட்டி வெட்டி இழுக்கிறது. செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது, பின்னால் பெட்ரோல் வாடை. இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது எரிய வேண்டிய முறையில் சில எரியாமல் தவறுகின்றன என்பதில் சந்தேகமில்லை. காசை முதலில் எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஸ்கேனரைச் செருகி, கணினி பதிந்த பழுதுக் குறியீட்டை (கோடு, code) பார்த்து, சந்தேகப்படும் காயிலை (பிளக் பொறி விட மின்சக்தி தருவது) இடம் மாற்றிப் பார்க்கலாம். பிளக், ஒயர், காயில் மூன்றையும் மொத்தமாக மாற்றிவிடலாம். இந்தக் காரில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி இன்ஜின்; அதற்கென்றே உள்ள கருவியை வைத்துக் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கலாம். அல்லது பெட்ரோல் பம்ப், காற்றுக் கசிவு, சென்சார் என்று எரிபொருள் பக்கத்தை ஆராயலாம். சாதாரண பிஸ்டன் இன்ஜினில் பெரும்பாலும் முதல் வழியே போதும். இந்தக் காரில் அது அடிக்கடி ஏமாற்றும். காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது.

எந்த வழியில் போவதானாலும் அதற்கு முன் ஒன்று. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். மினுக்கினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். வேகத்தைக் குறைத்த பிறகும் மினுக்கல் நிற்கவில்லையென்றால் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி வழியை அடைக்கும். வழி அடைபட்டால் சூடு இன்ஜினுக்கே திரும்பும். இந்த இன்ஜினில் புகை வெளியேறும் வாய்கள் பக்கவாட்டு ஹவுசிங்கில் (ரோட்டரைச் சூழ்ந்த கூட்டின் பக்கச் சுவர்) இருக்கின்றன. நடுவில் உள்ள வாய் இரண்டு ரோட்டருக்கும் பொது. அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியவை அதே பக்கச் சுவரில் உரசி ஓடி, அறையின் அழுத்தம் கசியாமல் அடைக்கும் சீல்கள். காயில் போனதால் தொடங்கிய கோளாறு கன்வர்ட்டரைத் தின்று, கடைசியில் இன்ஜினையே பிரிக்க வைப்பது இப்படித்தான். இருட்டியபின் மிஸ் அடித்த வண்டியை நிறுத்திவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். கன்வர்ட்டரின் உடல் மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தால், அன்றிரவு அந்த வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது. காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தவும் கூடாது.

இந்த இன்ஜினில் என்ன வேறுபாடு

ஆர்எக்ஸ்-8 2003 முதல் 2012 வரை ஹிரோஷிமாவில் தயாரானது. உள்ளே இருப்பது 13பி-எம்எஸ்பி, ரெனெசிஸ் என்ற பெயரில் அறியப்பட்ட இரட்டை ரோட்டர் இன்ஜின். ரோட்டர் ஒன்றுக்கு 654 சிசி, மொத்தம் 1308. 2003-இல் அந்த ஆண்டின் சிறந்த சர்வதேச இன்ஜின் விருதை வாங்கியது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் சுற்றும்போது அதன் மூன்று முகங்களும் முறை வைத்து எரிகின்றன.

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். எரிப்பின் பெரும்பங்கு லீடிங் பிளக்கின் வேலை. ட்ரெய்லிங் மிச்சத்தைச் சுத்தமாக எரித்து முடிக்கிறது. ஆக நான்கு பிளக், நான்கு காயில், நான்கு ஒயர்.

இனி கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் பிஸ்டன் இன்ஜினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி விடும். இங்கே எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் (பிஸ்டன் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்கு இணையானது) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை விட வேண்டும். ஆறு கியர் மேனுவல் மாடலின் உச்சமான 9000 ஆர்பிஎம்மில் அது விநாடிக்கு 150 பொறி. இரண்டு பொறிக்கு நடுவே காயில் மறுபடி சக்தியேற்றிக்கொள்ளக் கிடைப்பது 6.7 மில்லி விநாடிதான். வேலை இரட்டிப்பு, ஓய்வு பாதி. இன்ஜின் சூடும் பக்கத்திலேயே. ஆர்எக்ஸ்-8-இல் காயிலை பிளக் மாதிரி தேய்ந்து தீரும் பொருளாகத்தான் எண்ண வேண்டும். அனுபவமுள்ள உரிமையாளர்கள் 30,000 மைலுக்கு, அதாவது சுமார் 48,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது இதனால்தான்.

முதல் வழி: ஸ்கேனரும் இடமாற்றமும்

காரின் கணினியோடு இணைக்கும் விலை குறைந்த ஓபிடி அடாப்டரும் கைபேசியில் ஒரு செயலியும் இருந்தால் இருபது நிமிட வேலை. பி0301 என்றால் முன் ரோட்டர், பி0302 என்றால் பின் ரோட்டர், பி0300 என்றால் இரண்டிலும் ஒழுங்கில்லாமல் மிஸ் அடிக்கிறது. ரோட்டர் எது என்றுதான் கோடு சொல்லும். லீடிங்கா ட்ரெய்லிங்கா என்று சொல்லாது.

இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. ஷாஃப்டின் சுற்று வேகம் ஒரு கணம் தளர்வதைப் பார்த்துத்தான் கணினி மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கிறது. ட்ரெய்லிங் காயில் செத்தாலும் லீடிங் பிளக் பாட்டுக்கு எரித்துக்கொண்டிருக்கும். வேகம் பெரிதாகத் தளராது, கோடு விழாது. வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், கன்வர்ட்டர் சத்தமில்லாமல் சூடேறும். கோடு இல்லை என்பதால் காயில் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

இடமாற்றச் சோதனை செய்வதானால் முன் லீடிங்கைப் பின் லீடிங்கோடு, முன் ட்ரெய்லிங்கைப் பின் ட்ரெய்லிங்கோடுதான் மாற்ற வேண்டும். பி0301 இருந்த இடத்தில் பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதி வையுங்கள். லீடிங் ஒயரும் ட்ரெய்லிங் ஒயரும் மாறிப்போய், இல்லாத கோளாறைத் தேடி நாட்களை வீணாக்குவது இந்த வேலையில் சர்வசாதாரணம்.

நின்ற இடத்தில் ஐடிலிங்கில் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. நலிந்த காயில் குளிர்ந்திருக்கும்போதும் சுமையில்லாதபோதும் ஒழுங்காகவே பொறி விடும். இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றி, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மூன்றாவது கியரில் 3000-லிருந்து 7000 வரை ஒரே சீராக இழுத்துப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

மல்ட்டிமீட்டரில் ஓம் அளந்து காயிலைத் தீர்மானிப்பது இங்கே செல்லாது. இந்தக் காயில்களுக்குள்ளேயே இக்னைட்டர், அதாவது காயிலை இயக்கும் மின்னணுச் சுற்று, இருக்கிறது. அளவு சரியாகக் காட்டினாலும் சுமையில் விழும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் எவ்வளவோ மேல். பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் வெள்ளையும் நீலமுமாகத் தடித்த பொறி சடசடவென்று தாண்டினால் பரவாயில்லை. மெலிந்து, ஆரஞ்சு நிறத்தில், விட்டு விட்டு வந்தால் அந்தக் காயில் முடிந்தது.

ஸ்கேனரின் உண்மையான மதிப்பு ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கிறது. கோடு விழுந்த அந்தக் கணத்தில் கூலன்ட் வெப்பம் என்ன, ஆர்பிஎம் என்ன, சுமை எவ்வளவு என்று அது பதிந்து வைத்திருக்கும். பலர் அவசரத்தில் கோடை அழித்து, அதோடு இந்தத் தகவலையும் அழித்துவிடுகிறார்கள். முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அழியுங்கள்.

ஆகவே ஸ்கேனரைக் கட்டாயம் போட வேண்டும். காயிலை ஒவ்வொன்றாக இடம் மாற்றி, ஒன்றே ஒன்றை மட்டும் வாங்கி மாட்டும் பழக்கத்தை மட்டும் இந்தக் காரில் விட்டுவிடுவது நல்லது. நான்கும் ஒரே நாளில் மாட்டப்பட்டவை, ஒரே சூட்டில் வெந்தவை. இன்று ஒன்று போனால் மற்ற மூன்றும் வரிசையில் நிற்கின்றன.

இரண்டாவது வழி: மொத்தமாக மாற்றுவது

முந்தைய பராமரிப்பு பற்றி எந்த ரசீதும் இல்லாத கார் என்றால், சோதனையில் நேரம் செலவழிப்பதைவிட இதுவே மலிவு. நான்கு காயில், நான்கு ஒயர், இரண்டு லீடிங் பிளக், இரண்டு ட்ரெய்லிங் பிளக். என்ஜிகே வரிசையில் லீடிங்குக்கு ஆர்இ7சி-எல், ட்ரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டும் வேறு வேறு வெப்ப எண். பெட்டியிலிருந்து எடுத்ததும் கலந்துவிடாமல் தனித்தனியாக வையுங்கள். எல் என்றும் டி என்றும் முடிவதை நினைவில் வைத்தால் போதும்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஹவுசிங் அலுமினியம். சூட்டில் பிளக்கைத் திருகினால் மரையும் சேர்ந்து வரும். முன் இடது சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஜாக்கில் மட்டும் விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரக் குழி வழியாகக் கை நீட்டிப் பிளக்கைத் தொடலாம். மேலிருந்து முயன்றால் ஒயர்களைப் பிய்க்கத்தான் நேரும். புதுப் பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, விரலால் சுழற்றித் தொடங்குங்கள். மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹவுசிங் பிழைக்கும். கடைசி இறுக்கம் 13 முதல் 17 நியூட்டன் மீட்டர். கையில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் பலம் காட்டும் இடமில்லை இது.

கழற்றிய நான்கு பிளக்கையும் அது இருந்த இடத்தின் பெயரெழுதிய காகிதத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் இதைவிட நல்ல சாட்சியும் இல்லை. ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்து மினுமினுத்தால் அந்தக் காயில் அல்லது ஒயர். ஒரே ரோட்டரின் இரண்டு பிளக்கும் ஈரமென்றால் காயில் மீது பழி போடும் முன் கம்ப்ரஷனை யோசிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு காயில் ஒரே ரோட்டரில் ஒரே வாரத்தில் சாவது அபூர்வம். பிளக்கில் ஈரம் இருந்து, தொட்டுப் பார்த்தால் வழவழப்பும் இனிப்பான வாடையும் வந்தால் அது பெட்ரோல் இல்லை, கூலன்ட். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

காயில் வாங்குவதில் மூன்று தேர்வு. மஸ்டாவின் காயில் காலப்போக்கில் பலமுறை திருத்தப்பட்டது, பாகம் எண்ணின் இறுதியில் ஏ, பி, சி என்று வரும். சி வகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய கிடங்குச் சரக்கை மலிவு என்று எடுத்தால் பழைய பலவீனமும் சேர்ந்து வரும். பெயரில்லாத நான்கு காயில் ஒரு பெட்டி என்று இணையத்தில் வருபவை விலையில் பாதிகூட இருக்காது. அவற்றை வேண்டாம் என்றே சொல்வோம். காயில் போனால் கன்வர்ட்டரும் போகும் காரில், மிச்சப்படுத்தும் இடம் காயில் அல்ல. மூன்றாவது, ஜெனரல் மோட்டார்ஸின் டிரக் இன்ஜின்களில் வந்த டி585 காயிலைத் தனி பிராக்கெட்டில் பொருத்தும் மாற்று. உருவில் பெரியது, பொறி தடித்தது, ஆயுளும் அதிகம். விலை கூடுதல், ஒயரிங்கில் கவனம் வேண்டும். காரை இன்னும் பல வருடம் வைத்திருப்பவருக்கும் டிராக்கில் ஓட்டுபவருக்கும் அது தகும். இரண்டு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு மஸ்டாவின் சி வகையே போதும்.

வேலை முடிந்து பேட்டரியை மாட்டிய பிறகு ஒரு சிறு சடங்கு பாக்கி. சாவியை ஆனில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், எட்டு விநாடிக்குள் பிரேக் பெடலை இருபது முறை மிதிக்க வேண்டும். ஆயில் பிரஷர் முள் ஒருமுறை எழுந்து இறங்கினால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் சென்சாரைப் பற்றிக் கணினி பழகி வைத்த விவரம் இதில் அழிந்து புதிதாகப் படிக்கப்படும். பழைய விவரம் தவறாக இருந்தால் நல்ல இன்ஜினிலும் மிஸ்ஸிங் கோடு விழும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டும் பி0300 போகவில்லை என்று தலையில் கைவைப்பவர்களில் சிலருக்கு மிச்சமிருப்பது இந்த இருபது மிதிதான்.

மூன்றாவது வழி: கம்ப்ரஷன்

இந்தக் கட்டுரையில் எதையாவது ஒன்றை மட்டும் மனதில் வைப்பதானால் இதை வையுங்கள்: சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், காயிலுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். காலையில் ஒரே சுழற்சியில் எழும் வண்டி, பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், சீல்களின் பிடி தளர்ந்திருக்கிறது என்ற எண்ணமே முதலில் வர வேண்டும்.

சாதாரண பிஸ்டன் கம்ப்ரஷன் கேஜ் இங்கே பொய் சொல்லும். அதன் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு மிக உயர்ந்த அளவைப் பிடித்து வைக்கும். ரோட்டரின் மூன்று முகங்களில் இரண்டு செத்துக் கிடந்தாலும், உயிருள்ள ஒன்றின் அளவைக் காட்டி எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு முள் துடிப்பதைப் பார்த்தால் மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்பது மட்டும் தெரியும், எண் தெரியாது. ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லிக் காதைக் கொடுத்தாலும் ஓரளவு புரியும். புஸ், புஸ், புஸ் என்று ஒரே தாளத்தில் வந்தால் நல்லது. புஸ், புஸ், பிறகு ஒரு வெற்றிடம், மறுபடி புஸ், புஸ் என்றால் ஒரு முகம் காணவில்லை.

விலை பேசவோ முடிவெடுக்கவோ இதெல்லாம் போதாது. ரோட்டரிக்கென்றே உள்ள மின்னணு டெஸ்டர், மூன்று முகத்தின் அளவையும் அப்போதைய சுழற்சி வேகத்தையும் தனித்தனியே தர வேண்டும். இன்ஜின் ஓட்டச் சூட்டில் இருக்க வேண்டும், பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்க வேண்டும். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிட்டால் பெட்ரோலும் பொறியும் நின்றுவிடும். ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு பிளக் துளையில் டெஸ்டரைப் பொருத்தி ஐந்து முதல் பத்து விநாடி சுழற்ற வேண்டும்.

மஸ்டாவின் அளவுகள்: 250 ஆர்பிஎம்மில் புது இன்ஜினுக்கு 830 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ. குறைந்தபட்சம் 680 கிலோபாஸ்கல், 6.9 கிலோ. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வேறுபாடு 150 கிலோபாஸ்கலுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு ரோட்டருக்கும் இடையே 100-க்கு மேல் போகக் கூடாது. 250 ஆர்பிஎம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் களைத்து மெதுவாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் குறைவாகக் காட்டும், வேகமாகச் சுற்றினால் கெட்டதும் தேறிவிடும். சுழற்சி வேகம் எழுதப்படாத கம்ப்ரஷன் அறிக்கைக்கு மதிப்பு இல்லை. பழைய காரை வாங்கப் போகும்போது அப்படி ஒரு தாளை நீட்டினால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

எண்களைவிட அவை விழும் விதம் அதிகம் பேசும். அபெக்ஸ் சீல் என்பது ரோட்டரின் முனையில் இருப்பது. இரண்டு அறைகளுக்கு நடுவே அதுதான் சுவர். அது உடைந்தால் பக்கத்துப் பக்கத்து இரண்டு முகங்களும் ஒன்றாக விழும். சைடு சீல் ஒரே முகத்துக்குச் சொந்தம், ஆகவே ஒரு முகம் மட்டும் குறைந்தால் சந்தேகம் சைடு சீல் மீது. கார்பன் படிந்து அது தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒட்டியதுதான் என்றால் கார்பன் நீக்கும் சிகிச்சையில் சில சமயம் விடுபடும். செய்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். மூன்று முகமும் சேர்ந்து சமமாகக் குறைந்தால் தேய்மானம், அல்லது ஸ்டார்ட்டர். புது ஸ்டார்ட்டர் போட்டபின் அளவு ஏறினால் அதிர்ஷ்டம்.

கூலன்ட் விஷயம். காலையில் முதல் நிமிடம் மட்டும் மிஸ் அடித்து, இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை விட்டு, பிறகு தெளிந்துவிடும் வண்டியில் ஹவுசிங்குகளுக்கு நடுவே உள்ள கூலன்ட் சீல் கசிந்து, இரவில் ஒரு அறைக்குள் சொட்டியிருக்கிறது. கம்ப்ரஷன் எண் இதில் நன்றாகவே இருக்கலாம். ரேடியேட்டர் அமைப்பில், மூடியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாமல் அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் அழுத்தம் இறங்கியிருக்கிறதா, எந்தப் பிளக் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். இதற்குக் காயிலும் மருந்தில்லை, ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பானும் மருந்தில்லை.

எரிபொருள் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஸ்கேனரில் தெரியும் ஃபியூவல் ட்ரிம் எண்களே (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாதை காட்டிவிடும். குறுகியகால, நீண்டகால ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். ஐடிலிங்கில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்து 3000 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவு. வெடித்த வாக்குவம் குழாய், தளர்ந்த கிளாம்ப் தேடுங்கள். ஐடிலிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. அழுத்தம் சுமார் 390 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும், மிதிக்கும்போதும் தாழக் கூடாது. பம்ப் பின் இருக்கைக்கு அடியில் டேங்கிற்குள், ஃபில்டரோடு சேர்ந்தே இருக்கிறது. சூட்டில் மட்டும் நலியும் பம்ப் காயில் கோளாறு மாதிரியே நடிக்கும், ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து பார்க்க வேண்டும். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் போட்டிருந்தால் காற்றளவு சென்சாரில் எண்ணெய்ப் படலம் இருக்கும். அதற்கென்ற ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள்.

மிஸ்ஸிங் என்று தவறாக எண்ணப்படும் ஒன்றும் உண்டு. ஆறு போர்ட் (காற்று நுழையும் வாய்) உள்ள இன்ஜினில் காற்று வழிகள் 3750, 6250, 7250 ஆர்பிஎம் அருகே ஒவ்வொன்றாகத் திறக்கும். முதலாவது கார்பனில் சிக்கித் திறந்தே நின்றுவிட்டால் பி2070 விழும். கீழ் வேகத்தில் வண்டி மந்தமாகும், ஆனால் திக்காது. திக்கல் இல்லாத மந்தத்துக்குக் காயில் வாங்காதீர்கள்.

எது யாருக்கு

சூட்டில் ஸ்டார்ட் சிக்கல் இருந்தால் கம்ப்ரஷன், அதுவும் வேறு எதையும் தொடும் முன். சூட்டில் ஒழுங்காக எழுந்து, மேல் வேகத்தில் சுமையில் மட்டும் மிஸ் அடித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ட்ரிம்மையும் குறித்துக்கொண்டு இக்னிஷன் மொத்தத்தையும் மாற்றுங்கள். ஒரு வருடத்துக்குள் மாற்றிய ரசீது கையில் இருந்தால் மட்டும் இடமாற்றச் சோதனைக்குப் பொருள் உண்டு, ஏனென்றால் அப்போது நான்கில் ஒன்று பழுதாகப் பிறந்திருக்க வாய்ப்பிருக்கிறது. ட்ரிம் எண் எகிறியிருந்தால் எரிபொருள் பக்கம் போங்கள், காயில் காத்திருக்கட்டும்.

குளிரில் ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்திவிட்டு அணைத்த வண்டி அடுத்த முறை எழவில்லை என்றால் அது மிஸ்ஸிங்கும் இல்லை, பெட்ரோல் மூழ்கல், அதாவது அறையும் பிளக்கும் பெட்ரோலில் நனைந்துபோவது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு பத்து விநாடி சுழற்றினால் இன்ஜெக்டர்கள் நின்று அறை காயும். ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் ஆறவிட்டு மீண்டும் செய்யுங்கள். அடிக்கடி மூழ்கும் வண்டியில் பிளக்கும் நலிந்திருக்கும், கம்ப்ரஷனும் சந்தேகத்துக்குரியதுதான்.

கன்வர்ட்டர் அடைபட்டிருக்கிறதா என்பதை எல்லா வழியிலும் கடைசியாகப் பார்த்துவிட வேண்டும். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பொருத்தி 2500 ஆர்பிஎம்மில் பாருங்கள். 3 பிஎஸ்ஐ தாண்டினால் உள்ளே உருகியிருக்கிறது. புதுக் காயில் போட்டும் மேல் வேகத்தில் மூச்சுமுட்டுவதற்கு இதுவே காரணமாகலாம். அடைபட்டதை அப்படியே விட்டால் அடுத்த செட் காயிலும் சீலும் அதே சூட்டில் வேகும்.

கம்ப்ரஷன் 6.9 கிலோவுக்குக் கீழே வந்துவிட்டால் முடிவு வேறு. 2004 முதல் 2008 வரையான மாடல்களுக்கு அமெரிக்காவில் மஸ்டா ரோட்டரி இன்ஜினின் உள்பாகத்துக்கான உத்தரவாதத்தை எட்டு வருடம் அல்லது 1,00,000 மைலாக நீட்டியது. அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது, இனி முழுச் செலவும் உரிமையாளருடையது. இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதா, அப்படியே விற்பதா என்று எண்ணிக்கொண்டிருக்கும் காருக்கு நான்கு புதுக் காயில் வாங்குவதில் பயனில்லை. கட்டுவது என்று தீர்மானித்தால் காயில், பிளக், ஸ்டார்ட்டர், கன்வர்ட்டர் நான்கையும் அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். புது சீல் போட்ட இன்ஜினைப் பழைய காயிலோடு ஓட்டிப் பழக்கினால், பழகும் காலத்தின் முதல் மிஸ்ஸிங்கே புது ஹவுசிங் மேல் எரியாத பெட்ரோலை ஊற்றி எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும்.